இந்தப் பக்கத்தில் முக்கியமானது எதுவும் இல்லை

“எதுவும் இல்லைன்னுதான்டா சொல்லுச்சு.”

“அக்கா, மறுபடியும் ஆரம்பிக்காத.”

“என்ன ஆரம்பிக்காத? நான் ரெண்டை அமுக்கினேன். ‘இந்தப் பக்கத்தில் முக்கியமானது எதுவும் இல்லை.’ இதே வார்த்தை. ஒரு எழுத்து மாறல.”

“மிஷின் அப்படியெல்லாம் சொல்லாதுக்கா. நீ மூணையோ அஞ்சையோ அமுக்கியிருப்ப.”

“அஞ்சை அமுக்கினா ‘மீண்டும் கேட்க’ன்னு வரும். ஒன்பதுக்கு ‘வெளியேற’. யாருக்கு யாருடா பாடம் எடுக்கறது?”

மாவுக்கட்டுப் போடுபவர் ஈரத் துணிச்சுருளைப் பிழிந்துகொண்டே, “பெரியம்மா, கையை ஆட்டாம சண்டை போடுங்க,” என்றார். தம்பியோடு மல்லுக்கு நின்ற அண்ணி உடனே கையை நிறுத்தினார். வாயை நிறுத்தவில்லை. பேச்சை மாற்றலாம் என்று கட்டுப் போடுபவர், “கண்ணு எப்போம்மா போச்சு?” என்று கேட்டுவைக்க, “அதுவாப் போகல. ரொம்ப வருஷமா உழைக்குதேன்னு நான்தான் லீவு குடுத்து அனுப்பிச்சேன்,” என்றார் அண்ணி. கட்டுப் போடுபவர் சிரித்துவிட்டார். தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலையில் அக்கா போனை எடுக்காமல் இருக்கவே, இரண்டு தெரு தாண்டி ஓடி, மாற்றுச் சாவியால் கதவைத் திறந்தவன் அவன்தான். குளியலறையில் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு பக்கமாகச் சாய்ந்து, மணிக்கட்டு மடங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, ஈரத்தில் உட்கார்ந்திருந்தார். “குழாயை மூடு, தண்ணி வீணாகுது,” என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. அதை வழியெல்லாம் நான்கு முறை சொல்லிவிட்டான். கோபமாகத்தான் சொன்னான். ஆனால் ஒவ்வொரு முறையும் ‘ஈரத்துல’ என்ற இடம் வந்ததும் குரல் இறங்கியது.

அவன் மனைவி கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். கையில் அண்ணியின் ஒற்றைச் செருப்பு. மற்றது எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. கணவனின் அக்காவை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணமான புதிதில் பயந்து பயந்து கூப்பிட்டது, பத்து வருடத்தில் வேறு ஏதோவாக மாறியிருந்தது. அண்ணி பேருந்து நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் அறிவிப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எந்த நடைமேடையில், எவ்வளவு தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொல்லும் குரல் அவருடையது. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டார். கண் மங்கத் தொடங்கியபோது நேரப்பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு இன்னும் இரண்டு வருடம் ஓட்டினார், ஒருவருக்கும் தெரியவில்லை. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வதில் அவரை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. யார் என்ன சொன்னார்கள் என்று வீட்டில் தகராறு வந்தால் அண்ணியைக் கேட்டுத்தான் தீர்த்துக்கொள்வார்கள்.

அதனால் அண்ணி சொன்ன வாக்கியம் பிசகியிருக்க வழியில்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று அவளிடம் இருந்தது. அந்த வாக்கியத்தை எழுதியவளே அவள்தான்.

அலுவலகத்தில் அவளுக்குக் ‘கொக்கி’ என்று பெயர். நாளெல்லாம் முனை மடங்கிய அடைப்புக்குறிகளோடு மல்லுக்கட்டுவதால் வந்த பெயர். பெரிய மருத்துவமனை ஒன்றின் மருந்துக் குறிப்புகளை இணையத்தில் ஏற்றிப் பராமரிக்கும் அலுவலகம் அது. அறுநூற்று நாற்பது மருந்து, அறுநூற்று நாற்பது பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் பின்னாலும் எச்டிஎம்எல் இருக்கிறது, அதாவது வாசகர் கண்ணில் படாத கொக்கிகள். எது தலைப்பு, எது பத்தி, எது பட்டியல் என்று அந்தக் கொக்கிகள்தான் சொல்லும். ஒரு சொல்லைத் தடித்த எழுத்தில் காட்ட இரண்டு வழி உண்டு. ‘பி’ என்று போட்டால் எழுத்து தடிக்கும், அத்தோடு சரி. ‘ஸ்ட்ராங்’ என்று போட்டாலும் அதே தடிப்புதான். ஆனால் அது கூடவே, இது முக்கியம், இதை விட்டுவிடாதே என்று உள்ளுக்குள் ஒரு வார்த்தை சொல்லி வைக்கும். கண்ணால் படிப்பவருக்கு இரண்டும் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இதைப் படித்தபோது அவளுக்கு ஏனோ பிடித்துப்போனது. வெளியே ஒரே மாதிரி சட்டை போட்ட இரண்டு பேரில் ஒருவன் மட்டும் சட்டைப்பையில் ஒரு கடிதத்தோடு நடந்துபோவதைப் போல நினைத்துக்கொண்டாள்.

அந்தக் கடிதத்தைத் திறந்து படித்தது காதுச் சேவை. கண் தெரியாதவர்களும் படிக்க வராதவர்களும் போனில் கூப்பிட்டு, மருந்தின் எண்ணை அழுத்திக் கேட்டுக்கொள்ளலாம். ஒன்றை அழுத்தினால் முழுப் பக்கமும். இரண்டை அழுத்தினால் முக்கியமானவை மட்டும், அதாவது ஸ்ட்ராங் போட்ட வரிகள் மட்டும். மூன்று வருடத்துக்கு முன் அதைச் செய்தவர்கள், “ஒரு பக்கத்துல ஸ்ட்ராங்கே இல்லைன்னா என்ன சொல்லணும்?” என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் போட்டார்கள். எச்சரிக்கையே இல்லாத மருந்து உலகத்தில் ஏது? ஒருநாளும் ஒலிக்கப்போகாத வாக்கியம் என்ற அலட்சியத்தில், தேநீர் ஆறுவதற்குள் எழுதி அனுப்பினாள். ‘இந்தப் பக்கத்தில் முக்கியமானது எதுவும் இல்லை.’

அந்தச் சேவையை அண்ணிக்குப் பழக்கிவிட்டதும் அவள்தான். அண்ணி எப்போதும் இரண்டைத்தான் அழுத்துவார். “முழுசும் கேட்டா பதினோரு நிமிஷம். அதுக்குள்ள நோயே சலிச்சுப்போய் ஓடிடும்,” என்பார்.

“மாத்திரையைக் காலையில முழுங்கிட்டு எந்திரிச்சேன். ஆறு அடி நடந்தேன். அவ்வளவுதான் தெரியும்,” என்றார் அண்ணி இப்போது, மாவு இறுகத் தொடங்கிய கையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டு. “ராத்திரி படுக்கப் போறப்பதான் சாப்பிடணுமாம். இப்பத்தான் டாக்டர் சொல்றாரு. மருந்துக் கடைக்காரன் ‘எல்லாம் போன்லயே சொல்லும்மா’ன்னு நாலு ஒண்ணு ஏழுன்னு நம்பரக் குடுத்து அனுப்பிட்டான்.”

“சரிக்கா. விடு. இனிமே நீ தனியா இருக்க வேண்டாம்,” என்றான் தம்பி.

அந்த வார்த்தை விழுந்ததும் அண்ணி முகத்தைத் தூக்கினார். “வீட்டைக் காலி பண்ணச் சொல்றியா?”

“தனியா இருக்க வேண்டாம்னு சொல்றேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

கொக்கி செருப்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை. பக்கங்களின் நிறமும் அழகும் பார்த்துக்கொள்கிறவருக்கு அலுவலகத்தில் ‘சாயம்’ என்று பெயர். அவர் அவள் மேசைக்கு வந்து திரையை விரலால் தட்டினார். “இதைப் பாரு கொக்கி. பக்கம் முழுக்க மிளகாய்ப்பொடி தூவின மாதிரி இருக்கு. மூணு மணிக்கு மருத்துவமனைலேருந்து பெரியவங்க பாக்க வர்றாங்க.” உண்மைதான். யாரோ ஒருவர் ஸ்ட்ராங் போட்ட எழுத்தெல்லாம் அடர்சிவப்பாகத் தெரியும்படி வைத்திருந்தார்கள். “சிவப்பை எடுத்துடுங்க சார், ஒரு வரிதானே?” என்றாள். “நிறமெல்லாம் இருக்கற அந்தக் கோப்பு நம்மளது மட்டுமா? அவசர சிகிச்சைப் பக்கமெல்லாம் அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் தொங்குது. தொட்டா நாலு கையெழுத்து வாங்கணும். ஒரு வாரம் ஆகும். நீ ஸ்ட்ராங்கைத் தூக்கிட்டு பி போட்டுடேன். பாக்கறதுக்கு ஒண்ணுதானே?”

“பாக்கறதுக்கு ஒண்ணுதான்,” என்றாள் அவள்.

தேடு, மாற்று, அனைத்தையும் மாற்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதிமூன்று இடங்களில் மாற்றப்பட்டது என்று திரை சொன்னது. கண் இமைப்பதற்குள் முடிந்துவிட்டது. பெரியவர்கள் வந்து பார்த்து, நன்றாயிருக்கிறது, கண்ணுக்கு இதமாயிருக்கிறது என்றார்கள். அந்தக் கணத்தில் காதுச் சேவை அவளுக்கு நினைவு வந்ததா, வரவில்லையா? இந்தக் கேள்வியைத்தான் மாவுக்கட்டு அறையின் வாசலில் நின்று தனக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டாள். வரவேயில்லை என்றால் ஒருவிதமான பாவம். வந்து, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிட்டிருந்தால் வேறுவிதமான பாவம். எவ்வளவு முயன்றும் அந்தத் திங்கட்கிழமையில் தன் மனதுக்குள் என்ன இருந்தது என்று அவளால் பார்க்க முடியவில்லை. மூடிய கதவுக்கு வெளியே நிற்பதுபோல் இருந்தது.

மறுநாள் காலை அலுவலகத்தின் மாடிப்படியில் நின்று சேவையை அழைத்தாள். நான்கு, ஒன்று, ஏழு. இரண்டு. கொஞ்சமும் தயங்காத அந்த இயந்திரக் குரல் அவளுடைய வாக்கியத்தை அவளுக்கே சொன்னது. வேறு எண்களைப் போட்டாள். இதய மருந்து, வலிப்பு மருந்து, குழந்தைகளுக்கான சொட்டு மருந்து. முக்கியமானது எதுவும் இல்லை. முக்கியமானது எதுவும் இல்லை. படியில் ஏறிப்போன யாரோ வணக்கம் சொன்னார்கள், அவளும் சொன்னாள்.

இருக்கைக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், நானூற்றுப் பதினேழாம் பக்கத்தைத் திறந்து இரண்டு வரிகளில் பி-யை எடுத்துவிட்டு ஸ்ட்ராங் போட்டது. அதற்குக் காரணமே யோசிக்கவில்லை. தீப்பற்றிய துணியைக் கை தானாகத் தட்டுமே, அதுபோலத்தான். போட்டு, சேமித்து, ஏற்றிய பிறகுதான் மற்றதெல்லாம் யோசித்தாள்.

பழைய பிரதிகளைத் தேடிப் பார்த்தாள். சேமிப்புக் கிடங்கில் முப்பது நாள்வரைதான் வைத்திருப்பார்கள். மாற்றி முப்பத்தாறு நாள் ஆகியிருந்தது. அண்ணி ஒரு வாரம் முன்னால் விழுந்திருந்தால், என்று ஒரு நினைவு ஓடி, அது எப்படிப்பட்ட நினைவு என்று உறைத்ததும் கூசிப்போனாள். எல்லாவற்றையும் திரும்ப ஸ்ட்ராங் ஆக்கிவிடலாம்தான். ஆனால் அந்தப் பக்கங்களில் முதலிலிருந்தே பி போட்ட இடங்கள் இருந்தன. மருந்தின் பெயர், தயாரிப்பு எண், ‘எப்படிச் சேமிப்பது’ போன்ற சொற்கள். இப்போது எது பழைய பி, எது அந்தத் திங்கட்கிழமைவரை ஸ்ட்ராங்காக இருந்த பி என்று பிரித்துச் சொல்ல ஒருவராலும் முடியாது. கடிதம் வைத்திருந்தவனும் வைத்திராதவனும் ஒரே கூட்டத்தில் கலந்துபோய்விட்டார்கள்.

மேலாளர் அம்மா முழுதும் கேட்டுவிட்டு, “கொக்கி, கதவைச் சாத்து,” என்றார். “யாராவது புகார் குடுத்திருக்காங்களா?”

“குடுக்கல மேடம்.” பொய்யில்லை. அண்ணி யாரிடமும் எழுதிக் கொடுக்கவில்லை.

“அப்ப சாயங்காலத்துக்குள்ள எல்லா பி-யையும் ஸ்ட்ராங் ஆக்கிடு. விஷயம் முடிஞ்சுது.”

“ஆயிரக்கணக்குல வரும் மேடம். தயாரிப்பு எண்ணைக்கூட முக்கியம் முக்கியம்னு படிக்கும். கேக்கறவங்க போனை வச்சுடுவாங்க. எல்லாரும் பல்லக்குல ஏறிட்டா தூக்கறது யாரு?”

“பழமொழி நல்லாருக்கு. பதில் என்ன?”

“ஒவ்வொரு பக்கமா படிச்சுக் கையால போடறேன்.”

மேலாளர் கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திறந்து மூடினார். கெட்டவர் இல்லை. அவருக்கு மேலேயும் ஆட்கள் இருந்தார்கள். “மூணு வாரம். சத்தமில்லாம. பதிவுல ‘வழக்கமான பராமரிப்பு’ன்னு போட்டா போதும். என்ன, புரியுதா?” என்றவர், அவள் கதவருகே போனபோது, “அதுவரைக்கும் அந்த ‘எதுவும் இல்லை’யையாவது மாத்தச் சொல்லு,” என்றார். காதுச் சேவைக்காரர்கள் ஒரு மணி நேரத்தில் மாற்றிவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில், ‘முழுக் குறிப்பையும் கேட்க எண் ஒன்றை அழுத்தவும்’ என்று வருகிறது. அவளே சோதித்துப் பார்த்தாள். அந்த வாக்கியம் இனி உலகத்தில் எங்குமே ஒலிக்காது என்பதை நினைத்து நிம்மதிப்பட்டாள். அதன் மறுபக்கம் வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

சாயங்காலம் அண்ணியைத் தங்கள் வீட்டில் உட்காரவைத்திருந்தார்கள். கட்டுப்போட்ட கை ஒரு தலையணைமேல் யாருடையதோ போல் கிடந்தது. தம்பி எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே இழுத்து இழுத்து, இயந்திரத்தைவிட மனிதர்கள்மேல்தான் அவனுக்குச் சந்தேகம் அதிகம். “மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் ‘நான் சரியாத்தான் அமுக்கினேன்’னுதான் சொல்லுவாங்க,” என்பான்.

“சரி, கேட்டுடலாம். உனக்கும் சந்தேகம் வேண்டாம், எனக்கும் வேண்டாம்,” என்று போனை மேசைமேல் வைத்து, சத்தமாகக் கேட்கும்படி போட்டான். நான்கு, ஒன்று, ஏழு. “இதோ, ரெண்டு.”

கொக்கி சமையலறை வாசலில் நின்றாள்.

“முக்கியக் குறிப்பு ஒன்று. முதல் ஏழு நாட்கள் இந்த மாத்திரையைப் படுக்கைக்குச் செல்லும்போது மட்டுமே சாப்பிடவும். முக்கியக் குறிப்பு இரண்டு. மாத்திரை சாப்பிட்ட பின் எழுந்து நடமாட வேண்டாம்.”

தம்பி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது அவன் காட்டிய கருணை.

“இன்னொரு தடவை போடு,” என்றார் அண்ணி. போட்டான். “இன்னொரு தடவை.” மூன்றாவது முறை கேட்கும்போது அவர் உதடுகள் கூடவே அசைந்தன. குரல் நின்றதும் நல்ல கையால் மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டே போய், ஒரு மூலை வந்ததும் நிறுத்தினார். “இது இன்னைக்குச் சொல்லுது.”

“அன்னைக்கும் இதத்தான்க்கா சொல்லியிருக்கும். மிஷினுக்கு ஒரு நாளைக்கு ஒரு பேச்சு கிடையாது.”

“அப்ப நான் எதைக் கேட்டேன்?”

அது யாரிடமும் கேட்கப்பட்ட கேள்வியாக இல்லை. ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லும் வெற்று வார்த்தைபோல் இருந்தது. கொக்கி ஒரு அடி முன்னால் வந்து, “அண்ணி,” என்றாள். அண்ணி தலையைத் திருப்பி, “கொஞ்சம் தண்ணி குடும்மா,” என்றார். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். குடித்து முடித்ததும் தம்ளரை வாங்கிக்கொண்டு போய்க் கழுவினாள். அவ்வளவுதான், அந்த நேரம் போய்விட்டது.

அடுத்த நாள் காலை கணவனோடு பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும்போது, “ஒருவேளை அந்த மிஷினே தப்பாச் சொல்லியிருந்தா?” என்று கேட்டுப் பார்த்தாள். அவன் நின்றான். “தெரியாம கேக்கறியா, தெரிஞ்சு கேக்கறியா?” அவளுக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அவன் விளையாட்டாகத்தான் கேட்டிருந்தான். “அப்படி மட்டும் இருந்துச்சுன்னு வை, செஞ்சவன் எவனோ அவனை அந்த மாவுக்கட்டு அறையிலேயே கொண்டுபோய்ப் படுக்க வச்சிடுவேன். எங்கம்மா வேலைக்குப் போனப்ப என்னை இடுப்புல வச்சுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனவ அவ. அவளை அந்த ஈரத்துல பாத்தேன் பாரு...” மறுபடியும் அந்த இடத்தில் குரல் இறங்கியது. கொஞ்ச தூரம் போய், “தப்பு அவளோடதா இருந்தாலும் பரவால்ல. நம்ம வீட்டுல வச்சுக்கலாம். கோவிச்சுக்காம பாத்துக்கிட்டா போதும்,” என்றான். அவள் தலையாட்டினாள்.

அந்த வாரம் முழுதும் அவள் பக்கங்களைப் படித்தாள். ஒரு வரியை எடுத்து, இதை விட்டுவிட்டால் ஒருவருக்கு என்ன ஆகும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மருந்தின் பெயர் தடிப்பாக இருப்பது தேடும் கண்ணுக்காக. அதற்கு பி போதும். ‘மதுவோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது’ ஸ்ட்ராங். இதெல்லாம் சுலபம். ‘நிறையத் தண்ணீர் குடிக்கவும்’? சிறுநீரக மருந்தில் அது உயிர் காக்கும் வரி. இருமல் மருந்தில் வெறும் நல்ல வார்த்தை. ‘குளிர்ந்த இடத்தில் வைக்கவும்’? ‘உணவுக்குப் பின்’? முன்பெல்லாம் ஒரு பக்கத்தைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவாள். இப்போது ஒவ்வொரு வரியின் மறுமுனையிலும் ஒரு குளியலறையும் திறந்த குழாயும் தெரிந்தன. புதன்கிழமை பக்கத்துக்கு இரண்டு ஸ்ட்ராங் போட்டாள். வியாழக்கிழமை ஐந்து. வெள்ளிக்கிழமை மதியம் ஒரு சாதாரணக் களிம்பின் பக்கத்தில் பதினோரு ஸ்ட்ராங் போட்டிருப்பதைக் கண்டு கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டாள். பயம் வந்துவிட்டால் எல்லாமே முக்கியமாகிவிடுகிறது. அப்போது மேலாளர் சொன்னதற்கும் தான் செய்வதற்கும் என்ன வித்தியாசம்? அழித்துவிட்டு முதலிலிருந்து படித்தாள்.

சாயம் ஒருமுறை பின்னால் வந்து நின்று பார்த்தார். “ஏன் கொக்கி, அன்னைக்கு நான் சொன்னதாலயா?” என்றார் மெதுவாக. “நீங்க பாக்கறதப் பத்திச் சொன்னீங்க சார். மத்தது எனக்குத்தான் தெரிஞ்சிருக்கணும்,” என்றாள். அவர் நின்றபடியே இரண்டு பக்கம் படித்துவிட்டுப் போனார்.

வீட்டில் அண்ணி சின்னதாகிக்கொண்டே வந்தார். முதல் இரண்டு நாள் வீட்டைப் பற்றிச் சண்டை போட்டார். என் நாற்காலி, என் ஜன்னல், என் பூட்டு என்று. வெள்ளிக்கிழமை தம்பி, “சனிக்கிழமை சாமானை எடுத்துடலாம்க்கா,” என்றதும், “சரி,” என்றார். அவ்வளவு சீக்கிரம் வந்த சரியைக் கேட்டு அவனே திடுக்கிட்டான். அழைப்புமணி அடித்தால், “அடிச்சுதா?” என்று கேட்டார். தொலைக்காட்சிச் செய்தியில் ஒரு ஊரின் பெயர் வந்தால், “என்ன ஊர் சொன்னான்?” என்றார். சமையலறைக் குழாய் சொட்டுகிறதா என்று ஒரே மதியத்தில் மூன்று முறை கேட்டார். சொட்டவில்லை என்று கொக்கி சொன்ன மூன்று முறையும், “நீ சொன்னா சரிதாம்மா,” என்றார். பத்து வருடத்தில் அவளிடம் அவர் அப்படிச் சொன்னதே இல்லை. “நீ சொல்றது இருக்கட்டும், நான் கேட்டது இதுதான்,” என்பதுதான் அண்ணி.

சனிக்கிழமை மதியம் சின்ன வண்டி ஒன்றை அழைத்துவரத் தம்பி போயிருந்தான். அண்ணியின் வீடு இரண்டாம் மாடியில், ஒரு அறையும் சமையலறையும். எல்லாம் கை நினைவில் வைத்திருக்கும் இடத்தில் இருந்தன. மேசையின் நான்கு முனையிலும் துணி சுற்றியிருந்தது. அலமாரியில் புடவைகள் நிறத்தின்படி இல்லாமல் துணியின் வழவழப்பின்படி அடுக்கியிருந்தன. சமையலறை டப்பாக்களில், தடவி அடையாளம் காண, ஒன்றுக்கு ஒரு ரப்பர் வளையம், அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு மூன்று. மருந்துப் பெட்டியில் நானூற்றுப் பதினேழாம் மாத்திரையின் அட்டையில் ஒரே ஒரு குழி மட்டும் காலியாக இருந்தது. கொக்கி அதைப் பார்க்காததுபோல் மூடி, பெரிய அட்டைப்பெட்டிக்குள் வைத்தாள். மெத்தையைச் சுருட்டிக் கட்டியாகிவிட்டது. வெறும் பலகைக் கட்டிலில் அண்ணி உட்கார்ந்திருந்தார். ஜன்னல் திறந்திருந்தது. தெருவில் யாரோ ஒரு வண்டியைப் பின்னால் எடுக்க இன்னொருவர், “வா, வா, வா, போதும்,” என்று கத்திக்கொண்டிருந்தார். சாமான் போன அறையில் அந்தப் ‘போதும்’ நன்றாக எதிரொலித்தது.

“தம்பி கீழே வந்துட்டானா?”

“இல்லண்ணி. அது வேற வண்டி.”

“ஓ.” கட்டுப்போட்ட கையின் விரல்நுனிகளை நல்ல கையால் ஒவ்வொன்றாகப் பிடித்துவிட்டார். “ஏம்மா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அவன் இல்லாதப்ப.”

கொக்கி பெட்டியின் மூடியை மடித்து, ஒட்டுநாடாவை இழுத்தாள். அது கிர்ரென்று சத்தம் போட்டது. பாதியில் நிறுத்தினாள்.

“வீட்டைப் பத்தி இல்ல. வீடு போகட்டும். அவன் பயந்துட்டான், பாவம். எங்க இருந்தா என்ன, எனக்கு எல்லா வீடும் ஒரே இருட்டுதானே.” சிரிக்க முயன்றார். “கண்ணு போனப்ப நான் அழல தெரியுமா? காது இருக்குல்லன்னு இருந்துட்டேன். இருபத்தெட்டு வருஷத்துல ஒரு வண்டி நம்பரைக்கூட நான் தப்பாச் சொன்னதில்ல. இப்ப அந்தக் குரல் என் தலைக்குள்ள கேட்டுக்கிட்டே இருக்கு. எதுவும் இல்லை, எதுவும் இல்லைன்னு. நான் கேக்கலன்னா அது எங்கேருந்தும்மா வந்துச்சு?”

கொக்கி வாயைத் திறந்தாள்.

“உங்க ஆபீஸ்தானே அந்தக் குறிப்பெல்லாம் போடறது. பழசெல்லாம் எங்கயாவது எழுதி வச்சிருப்பீங்கல்ல? நான் போன் பண்ணின அன்னைக்கு அது நிஜமா என்ன சொல்லுச்சுன்னு, யார்கிட்டயாவது கேட்டு எனக்குச் சொல்லும்மா. அவனுக்குச் சொல்ல வேண்டாம். எனக்கு மட்டும் சொன்னாப் போதும்.”

ஒட்டுநாடாவின் நுனி கொக்கியின் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணி தலையைக் கொஞ்சம் சாய்த்து, வலது காதை அவள் பக்கம் கொடுத்து, அந்த வெறும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.